பிரசவ அறைக்குள் துணைக்கு யார்?

வாட்ஸ்அப் குழு: தீபா வளைகாப்பு ஏற்பாடு
(வளைகாப்பு முடிந்துவிட்டது. குழுவை விட்டு யாரும் விலகவில்லை.)

சனிக்கிழமை

தங்கராஜ்: அனைவருக்கும் இனிய காலை வணக்கம் 🌹 நம் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டது.

தீபா: வணக்கம் மாமா. எல்லாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். நேற்று ஆஸ்பத்திரியில், பிரசவ நேரத்தில் துணைக்கு உள்ளே வரப்போவது யார் என்று கேட்டார்கள். திங்கட்கிழமை பெயர் சொல்ல வேண்டுமாம்.

சரோஜா: இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெற்றவள் நான் இருக்கிறேன்.

கோமதி: உள்ளே எதற்கு ஆள்? நாங்கள் பெற்றபோது கதவைச் சாத்திவிடுவார்கள். குழந்தை அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பார்கள்.

மல்லிகா: பெரியக்கா, அந்தக் கதவு திறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணை முறை வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் மத்திய அரசு அனுமதி கொடுத்தது 2016 பிப்ரவரியில்தான். ஆனால் எத்தனை இடங்களில் தாங்களாகவே கூப்பிட்டு விடுகிறார்கள் என்பது வேறு விஷயம். கேட்காதவரை பல வார்டுகளில் இன்னமும் "வெளியே நில்லுங்கள்" என்ற ஒரே பதில்தான். தீபாவிடம் அவர்களே கேட்டார்கள் என்றால் நல்ல இடம்.

பிரபு: சின்ன அத்தை, நான் உள்ளே வர முடியாதா?

மல்லிகா: மாப்பிள்ளை, 2016 உத்தரவின்படி உறவுக்காரப் பெண் ஒருவர். ஒவ்வொரு கட்டிலுக்கும் மறைப்பு இருக்கிற இடத்தில் கணவரையும் விடலாம். ஒரே கூடத்தில் நான்கு பெண்கள் மறைப்பில்லாமல் படுத்திருந்தால் உங்களை விட முடியாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மானமும் முக்கியம் அல்லவா?

தீபா: இங்கே நான்கு கட்டில். இரண்டுக்குத்தான் திரை இருக்கிறது.

ராஜேஸ்வரி (சம்பந்தி): குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் தனியாரில் காட்டினால் தனி அறை கிடைக்கும். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பிரபு: அம்மா, தனி அறை கிடைக்கும். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை. தனியாரில் அதைவிட அதிகம்.

மல்லிகா: அந்தக் கணக்கைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம் மாப்பிள்ளை. தேவைப்படும்போது செய்கிற அறுவைச் சிகிச்சை இரண்டு உயிரைக் காப்பாற்றும். கேட்க வேண்டியது இதுதான்: ஏன் செய்கிறீர்கள், இப்போதே செய்ய வேண்டுமா, காத்திருந்தால் என்ன ஆகும்? பதில் தீபாவுக்குப் புரிய வேண்டும். கையெழுத்தும் அவளுடையதாக இருக்க வேண்டும்.

சரோஜா: கையெழுத்தை வீட்டுக்காரர்தானே போடுவார்?

மல்லிகா: அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கினோம் என்றார் மருத்துவர். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவள்தான் சம்மதம் சொல்ல வேண்டும். அம்மாவும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை.

தங்கராஜ்: ஆண்கள் இருக்கிற குழுவில் இதையெல்லாம் பேச வேண்டுமா?

மல்லிகா: அண்ணா, வளைகாப்புப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது நீங்கள்தானே? அந்தப் பிள்ளைதான் பிறக்கப் போகிறது. இருங்கள்.

கோமதி: நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே நான்கு திட்டுத் திட்டினால்தான் பெண்ணுக்கு முக்குவதற்குத் தெம்பு வரும். எனக்கு விழாத திட்டா? மூன்று பிள்ளை பெறவில்லையா?

அனிதா: அம்மா, அந்தப் பேச்சை இங்கே வைக்காதே.

கோமதி: ஏன், பொய்யா சொல்கிறேன்?

அனிதா: நிலா பிறந்த அன்று உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? மறைப்பில்லாத மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. கட்டட வேலைக்கு வந்தவர்கள்கூட அந்த வழியாகத்தான் போனார்கள். வலியில் கத்தினேன். தொடையில் பளாரென்று ஒன்று விழுந்தது. "அன்றைக்கு இனித்தது, இன்றைக்குக் கசக்கிறதா" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டவரும் பெண்தான். ஒருவர் முழங்கையால் வயிற்றை அமுக்கினார். மரத்துப்போக ஊசி போடாமலே தையல் போட்டார்கள். அடுத்த குழந்தை உண்டாகாமல் இருக்கக் காப்பர் டி வைத்திருக்கிறார்கள் என்பது வீட்டுக்குப் போகச் சொல்லிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

சரோஜா: ஐயோ, அனிதா.

அனிதா: கடைசியில் அந்த ஆயா வெளியே வந்து, "பெண் குழந்தை, அதனால் ஐந்நூறு போதும்" என்றார். நீ சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாய் அம்மா.

கோமதி: இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அனிதா: சொன்னேன். "குழந்தை நல்லபடியாகப் பிறந்ததல்லவா, அதை நினைத்துக்கொள்" என்றாய்.

தீபா: அக்கா, நீங்கள் புகார் கொடுக்கவில்லையா?

அனிதா: பச்சை உடம்பு. தையல் போட்ட இடத்தில் உட்கார முடியாது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வேறு. எந்த மேசைக்குப் போய் எழுதிக் கொடுப்பேன்? எழுந்து நடக்கத் தெம்பு வந்தபோது, போனது போகட்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டீர்கள்.

மல்லிகா: நான் அந்த வேலையில் இருப்பவள். அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன். இரவுப் பணியில் இரண்டு செவிலியர் இருப்போம். ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்காது, இன்னொருத்திக்குத் தலை தெரியும், மூன்றாமவள் அப்போதுதான் ஆம்புலன்ஸில் வந்து இறங்குவாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் எனக்கு உண்டு. சத்தமாகப் பேசிவிடுவோம். அது களைப்பு, அதற்கு ஆள் போட வேண்டும். ஆனால் களைப்பு என்றால் எல்லார் மேலும் ஒன்றுபோலத்தானே கை ஓங்க வேண்டும்? வக்கீல் வீட்டுப் பெண்ணைத் தொடையில் அடித்து நான் பார்த்ததே இல்லை. அவர்களும் கத்தத்தான் கத்துகிறார்கள். அடி விழுவது செங்கல் சூளையிலிருந்து வருகிறவளுக்கு, மூன்றாவது பிள்ளைக்கு வருகிறவளுக்கு, தாலி இல்லாமல் வருகிறவளுக்கு. அதனால் களைப்பு என்ற சமாதானத்தை நான் பாதிதான் ஏற்பேன்.

மல்லிகா: பயிற்சியில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். கானா, கினி, நைஜீரியா, மியான்மர் ஆகிய நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பிரசவத்துக்குச் சேர்ந்தது முதல் பக்கத்திலிருந்தே கவனித்தார்கள். 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அடியோ, வசவோ, அவமதிப்போ. அதுவும் குழந்தை வெளியே வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்திலிருந்து பிறந்த பிறகு கால் மணி நேரம்வரைதான் மிக அதிகம். சின்ன வயதுப் பெண்களும் படிக்காத பெண்களும்தான் அதிகம் பட்டார்கள். எதிர்த்துப் பேச முடியாத நேரமும் ஆளும் பார்த்துத்தான் நடக்கிறது.

தங்கராஜ்: அதற்குத்தான் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் வேண்டும் என்கிறாயா?

மல்லிகா: ஆமாம் அண்ணா. கண்காணிக்க மட்டும் இல்லை, வைத்தியமாகவும் அது வேலை செய்கிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசிவரை துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, அறுவைச் சிகிச்சையும் குறைகிறது. மருந்துக் கடையில் விற்காத மருந்து என்பதால்தான் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

தீபா: சித்தி, நான் என்னவெல்லாம் கேட்கலாம்? கேட்டால் திமிர் என்று நினைப்பார்களோ?

மல்லிகா: கேள். சிக்கல் இல்லாத பிரசவத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது இவ்வளவுதான்: வலி எடுத்த பிறகும் நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம். மல்லாக்கப் படுத்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை, குத்தவைத்தும் சாய்ந்தும் பெறலாம். மழித்துவிடுவது, இனிமா கொடுப்பது, வருகிற எல்லாருக்கும் கீழே வெட்டித் தையல் போடுவது, வயிற்றை அமுக்கித் தள்ளுவது, இவையெல்லாம் வேண்டாம். பரிசோதிப்பதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். காப்பர் டி வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே, வலி இல்லாத நேரத்தில், உன் வாயால் சொல்லி அட்டையில் எழுதச் சொல். வலியில் "சரி சரி" என்று தலையாட்டுவது சம்மதம் ஆகாது.

மல்லிகா: பணமும் கொடுக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டி எல்லாமே இலவசம். 2011-லிருந்து நாடு முழுவதும் அப்படித்தான்.

கோமதி: அந்த ஐந்நூறு ரூபாயை நினைத்தால் வயிறு எரிகிறது.

அனிதா: ஐந்நூறு ரூபாய்தான் எரிகிறதா?

கோமதி: வாயை மூடு. அதுவும்தான்.

சரோஜா: சரி, மல்லிகா சொன்னதையெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். உள்ளே நான் பார்த்துக்கொள்கிறேன்.

தீபா: அம்மா, கோபித்துக்கொள்ளாதே. எனக்குச் செல்வி அத்தை வர வேண்டும்.

சரோஜா: என்ன?

தீபா: எனக்கு ஊசி போட்டாலே நீ அழுவாய். இரத்தம் எடுத்த அன்று உன்னைத்தான் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். நீ உள்ளே வந்தால் நான் உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

செல்வி: தீபா, நான் எதற்கு? மதினிதான் வர வேண்டும். முறை அதுதான்.

கோமதி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: நான் படித்துவிட்டேன் கோமதி அக்கா. நீங்கள் கேட்பது சரிதான். பிள்ளை பெறாத எனக்கு அங்கே என்ன தெரியும்?

அனிதா: அம்மா!

கோமதி: நான் அவளைக் குறை சொல்லவில்லை. அனுபவம் உள்ளவள் போனால் நல்லது என்றேன். மல்லிகாவையே கேளுங்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று.

மல்லிகா: பிரசவம் பார்த்த அனுபவம் அல்லது பெற்ற அனுபவம் இருந்தால் நல்லது என்றுதான் இருக்கிறது, இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. கட்டாயம் எவை என்றால்: தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான துணி உடுத்த வேண்டும், கடைசிவரை கூடவே இருக்கச் சம்மதிக்க வேண்டும், மருத்துவமனை வேலையில் தலையிடக் கூடாது, மற்றப் பெண்களுக்குப் பணிவிடை செய்யப் போகக் கூடாது.

தீபா: பெரியம்மா, ஆச்சி படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் உடம்பு துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டது அத்தைதான். ஆச்சி எவ்வளவு கத்தினாலும் அத்தை ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசி நான் கேட்டதில்லை. வலியில் இருக்கிற ஆளின் பக்கத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தக் குழுவில் அவருக்குத்தான் தெரியும்.

தீபா: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வளைகாப்பு அன்று அத்தையை யாரும் எனக்கு வளையல் போடக் கூப்பிடவில்லை. அவரும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ராஜேஸ்வரி (சம்பந்தி): எங்கள் பக்கம் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. யார் பக்கத்தில் இருந்தால் மருமகளுக்குத் தைரியமோ அவர் இருக்கட்டும்.

சரோஜா: நான் மட்டும் ஆட்சேபம் என்றா சொன்னேன்? ஒரு வார்த்தை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். செல்வி, நீயே போ. ஆனால் மணிக்கு ஒரு தடவையாவது வாசலுக்கு வந்து எனக்குச் சொல்ல வேண்டும்.

மல்லிகா: கூடவே இருக்க வேண்டும் என்று இப்போதுதானே சொன்னேன்? வாசலுக்கெல்லாம் வர மாட்டார்.

செல்வி: மல்லிகா, உள்ளே நான் என்ன செய்ய வேண்டும்?

மல்லிகா: வலி வரும்போது இடுப்பின் பின்பக்கம் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இடையில் தண்ணீர் கொடுங்கள். நடக்க வையுங்கள். டாக்டர் சொல்வது அவள் காதில் ஏறாது, நீங்கள் மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். பிறந்த பிறகு இரத்தம் அதிகமாகப் போகிறது என்று தோன்றினால் தயங்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். யாராவது குரலை உயர்த்தினால் சண்டை போட வேண்டாம். "சிஸ்டர், அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தாலே பாதிக் கை இறங்கிவிடும்.

திங்கட்கிழமை

தீபா: பெயர் கொடுத்துவிட்டேன். "பிள்ளை பெற்றவரா?" என்று சிஸ்டர் கேட்டார், இல்லை என்றேன். அத்தையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். காப்பர் டி இப்போது வேண்டாம் என்பதையும் அட்டையில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். திரை இல்லாத இரண்டு கட்டிலைப் பற்றியும் கேட்டேன். துணி கிழிந்து போய்விட்டதாம், எழுதிப் போட்டிருக்கிறார்களாம், இன்னும் வரவில்லையாம்.

பிரபு: அது வந்தால் என்னையும் உள்ளே விடுவார்களா?

தீபா: கேட்டேன். "முதலில் திரை வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்.

தங்கராஜ்: அளவு கேட்டு அனுப்பு தீபா. கடையில் துணி கிடக்கிறது.

மல்லிகா: அண்ணா, நேராகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். தலைமை மருத்துவரிடம் எழுதிக் கொடுத்து, நன்கொடை என்று பதிவு செய்து கொடுங்கள். துவைத்தால் சாயம் போகக் கூடாது.

அனிதா: தள்ளுபடித் துணி வேண்டாம் மாமா. வெளிச்சம் போட்டால் உள்ளே தெரியாத கனத்த துணியாக எடுங்கள். நான்கு கட்டிலுக்கும்.