திபிலீசியில் தனியாக: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

நடைராசன்:

ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலீசிக்குத் தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். கடைக்காரர் சிரிக்க மாட்டார். மெட்ரோவில் அட்டை விற்கும் அம்மாள் சிரிக்க மாட்டார். வழி கேட்டால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டுவார்கள். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு முகம் வாடித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். எனக்கோ அது பெரிய விடுதலையாக இருந்தது. யாருக்கும் பதில் சொல்லாமல், யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் நாள் முழுவதும் நடக்க முடிந்தது.

எல்லோரும் போடும் பட்டியல் ஒன்று உண்டு: ரீக்கே பூங்காவிலிருந்து கேபிள் கார், நரிகாலா கோட்டை, ஒரு கையில் மதுக்கிண்ணமும் மறு கையில் வாளுமாக நிற்கும் ஜார்ஜியத் தாய் சிலை, 2010இல் கட்டிய கண்ணாடிப் பாலம். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நீங்கள் சந்திக்கப்போவது உங்களைப் போன்ற சுற்றுலாப் பயணிகளைத்தான். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஈத் விடுமுறையில் வந்து குவிவதால் கேபிள் கார் வரிசையில் தமிழே காதில் விழும்.

அதனால் கந்தகக் குளியலுக்கு வருகிறேன். அபனோதுபானி என்ற பகுதியில் செங்கல் குவிமாடங்கள் மட்டும் தரைக்கு மேலே தெரியும். குளியலறைகள் எல்லாம் கீழே. ஐந்தாம் நூற்றாண்டில் அரசன் வக்தாங் கொர்கசாலி வேட்டைக்கு வந்தபோது அவனுடைய வேட்டைப் பருந்தும் அது அடித்த பறவையும் இங்கிருந்த வெந்நீர் ஊற்றில் விழுந்தனவாம். அதைக் கண்டுதான் தலைநகரை இங்கே மாற்ற நினைத்தானாம். கதை எப்படியோ, முட்டை அழுகிய நாற்றம் தெருமுனையிலேயே வரவேற்கிறது. நீல ஓடு பதித்த முகப்போடு மதரஸா போல நிற்பது ஓர்பெலியானி குளியலகம். 1829இல் இந்த ஊருக்கு வந்த ரஷ்யக் கவிஞர் புஷ்கின் இந்தக் குளியலைப் புகழ்ந்து எழுதியதைப் பலகையில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

தனியறைகளுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒருவர் போனாலும் நால்வர் போனாலும் அதே தொகைதான் என்பதால் தனியாகப் போகிறவருக்குக் கட்டுப்படியாகாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக இருக்கும் பொதுக்குளியல் மிக மலிவு. ஆனால் அங்கே உடலில் துணி இருக்காது. கூச்சம் உள்ளவர்கள் தனியறைக்கே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

நான் பொதுக்குளியலுக்குத்தான் போனேன். உடம்பு தேய்த்துவிடுபவரை மெகிசே என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய, தொப்பை சரிந்த மனிதர் ஒருவர் ஈரக் கல்மேடையைக் காட்டினார். படுத்தேன். சொரசொரப்பான கையுறையால் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டுச் சீயக்காயை வைத்து அரக்குவார்களே, அதற்கு அண்ணன் இது. பாதியில் நிறுத்தி, உருண்டு திரண்ட அழுக்கை என் கண்ணருகே கொண்டுவந்து காட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை. தொழிலில் தேர்ந்தவனுக்கு உரிய திருப்தி மட்டும் இருந்தது. பிறகு துணிப்பையைச் சோப்புநீரில் முக்கி, ஊதி, பிழிந்து, மலைபோல் நுரையை என்மேல் கொட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாளி வெந்நீரை ஊற்றினார். எழுந்தபோது எனக்கு எடை குறைந்ததுபோல் இருந்தது. அவர் அதற்குள் அடுத்த முதுகுக்குப் போய்விட்டார்.

குளியலகத்தின் பின்பக்கமாக நடந்தால் நகரத்துக்கு நடுவிலேயே ஒரு மலையிடுக்கும் அருவியும் வருகின்றன. அதற்கு மேலே செங்கல்லில் கட்டிய ஜும்ஆ பள்ளிவாசல். ஷியாக்களின் நீலப் பள்ளிவாசலை 1951இல் பாலம் கட்டுவதற்காகச் சோவியத் அரசு இடித்துவிட்டதால், அவர்களும் சுன்னிகளும் இந்த ஒரே கூரையின் கீழ் தொழுகிறார்கள். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த முதியவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தைத் துடைப்பத்தால் சுட்டிக்காட்டினார், விளக்கைப் போட்டார், வேலையைத் தொடர்ந்தார். சற்றுத் தொலைவில் ஆர்மீனியர்களின் புனித ஜார்ஜ் தேவாலயம். 1795இல் பாரசீகத்தை ஆண்ட ஆகா முகம்மது கான் ஊரைத் தீக்கிரையாக்கியபோது கொல்லப்பட்ட சயாத் நோவாவின் கல்லறை அதன் வாசலில் இருக்கிறது. ஆர்மீனியம், ஜார்ஜியம், அஜர்பைஜானியம் மூன்றிலும் பாடல் கட்டியவர். யூதர்களின் தொழுகைக்கூடமும் பழைய பாரசீகச் சமயமான ஜொராஸ்திரியத்தின் தீக்கோயிலும் இதே வட்டாரத்தில்தான். ஒரு முற்பகலில் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

என்னிடம் வலிய வந்து பேசியவர் ஒரே ஒருவர். சியோனி தேவாலயத்தில் மெழுகுவர்த்தி விற்கும் பாட்டி. ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோ தன் தலைமுடியால் கட்டியதாகச் சொல்லும் திராட்சைக் கொடிச் சிலுவை இங்கேதான் இருக்கிறது. எந்த நாடு என்று சைகையில் கேட்டார். "இந்தோயெத்தி" என்றேன். அவ்வளவுதான், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "கெதெவான், கெதெவான், கோவா" என்றார். எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஜார்ஜிய அரசி கெதெவான் மதம் மாற மறுத்ததால் 1624இல் பாரசீகத்தின் ஷிராஸில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டவர். போர்த்துகீசியத் துறவிகள் அவருடைய எலும்புகளில் சிலவற்றைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். புனித அகஸ்தீன் மடத்தின் இடிபாடுகளில் தொல்லியல் துறை கண்டெடுத்ததை ஐதராபாத்தில் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். 2021 ஜூலையில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலீசிக்கே எடுத்துப்போய் ஒப்படைத்தார். நம் செய்தித்தாள்களில் அது ஒரு நாள் செய்தி. அந்தப் பாட்டி என் கையை விடவில்லை. நான் நீட்டிய காசைத் தள்ளிவிட்டு மெழுகுவர்த்தியைத் தந்தார்.

தாமிரபரணி:

நடைராசன் ஐயா, சிரிக்க மாட்டார்கள் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆண்களிடம் அப்படியோ என்னவோ. நான் தனியாகப் போன பெண். சொலொலாக்கி என்ற பகுதியில் பழைய வீடுகளின் நுழைவாயில்களைப் பார்த்துக்கொண்டு போனபோது என்னை உள்ளே கூப்பிட்டவர்கள் எல்லாரும் பெண்கள்தான். வெளியே காரை உதிர்ந்த சுவர். கதவைத் தள்ளினால் கூரையில் ஓவியம், தரையில் கோலம் போட்ட ஓடு. அதையும் தாண்டினால் முற்றம்: நாலாபுறமும் மரத் தாழ்வாரம், பொதுப் படிக்கட்டு, குறுக்கே துணிக்கொடி, தலைக்கு மேல் திராட்சைப் பந்தல். ஒரு பாட்டி மாடியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கத்தினார். திட்டுகிறார் என்று திரும்பினேன். இறங்கி வந்து ஒரு கை நிறைய வால்நட் பருப்பைக் கொடுத்துவிட்டு மேலே போனார். நாம் நுழைவது அவர்களுடைய வீடு. படம் எடுக்கும் முன் தலையசைத்து அனுமதி கேளுங்கள்.

தேவாலயங்களில் பெண்கள் தலையை மூட வேண்டும். பல இடங்களில் காற்சட்டைக்கு மேல் சுற்றிக்கொள்ளவும் துணி வைத்திருப்பார்கள். என் துப்பட்டா இரண்டுக்கும் உதவியது. இரவு பத்து மணிக்கு மேலும் மெட்ரோவில் வந்திருக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. தெருநாய்கள் அதிகம். பயப்படாதீர்கள், காதில் பிளாஸ்டிக் வில்லை இருந்தால் தடுப்பூசி போட்டு விட்டவை. ஒன்று ருஸ்தாவேலி சாலை முழுவதும் எனக்குத் துணைக்கு வந்து, மெட்ரோ வாசலில் வேறு ஒருவரோடு போய்விட்டது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சமார்க்வோ. விரத உணவு என்று பொருள். இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. மண்சட்டியில் வரும் லோபியோ என்ற பயறுக் குழம்பு, வால்நட் விழுது சுருட்டிய கத்தரிக்காய் இரண்டும் போதும். உள்ளே பூரணம் வைத்த கொழுக்கட்டை போன்ற கிங்காலிதான் தனி ஆளுக்குச் சிக்கல். ஒரே வகையில் ஐந்துக்குக் குறையாமல் வாங்கச் சொல்லும் கடைகள் நிறைய. நான் காளான் கிங்காலி ஐந்தையும் தின்று தீர்த்துவிட்டு இரவு உணவை விட்டுவிட்டேன்.

நிலவறை ரொட்டிக்கடையை விடாதீர்கள். மாவை நீளவாட்டில் இழுத்து, உடம்பு பாதி உள்ளே போகும்படி குனிந்து, அடுப்பின் உட்சுவரில் அறைகிறார்கள். வெந்ததும் கொக்கியால் எடுத்து நேரே கையில் தருகிறார்கள். காகிதம் கேட்டதற்கு அந்த அண்ணன் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

வெள்ளைக்கோட்டு:

நான் அங்கே மருத்துவம் படித்தவன். நம் ஊர் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாம்பார்ப் பொடிக்குப் பஞ்சமில்லை. தனியாக வரும் ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரிய சாலையில் மாலை நேரத்தில் நன்றாக உடுத்திய ஒருவரோ இருவரோ நெருப்பு கேட்டோ வழி கேட்டோ பேச்சுக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் நட்பு முற்றி, பக்கத்தில் நல்ல மதுக்கடை இருக்கிறது என்பார்கள். போனால் மேசைக்குப் பெண்கள் வருவார்கள், பிறகு ரசீது வரும். என் அறைத்தோழனின் மாமா மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நடைராசன் ஐயா சொல்லும் சிரிக்காத ஊரில் இத்தனை சிரிப்போடு ஒருவர் வந்தால் அதுவே அடையாளம்.

பழைய நகரம் போதும் என்று தோன்றிய பிறகு நுத்சுபிட்சே மேட்டுக்குப் போங்கள். சோவியத் காலத்து மூன்று அடுக்குமாடிகளை உயரத்தில் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். லிஃப்டில் காசு போட்டால்தான் நகரும். சில்லறை இல்லாமல் நான் விழித்தபோது, காய்கறிப் பையோடு வந்த அம்மாள் தன் நாணயத்தைப் போட்டு, என் மாடி எது என்று விரலால் கேட்டு அழுத்தினார். மேலே பாலத்தில் நின்றால் மலைச்சரிவு முழுவதும் தெரியும்.

மதாஸ்மிந்தா மலைக்கு 1905இல் திறந்த கயிற்று ரயிலில் போவோர் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். நடு நிலையத்தில் இறங்குங்கள். அங்கே பெரியோர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஸ்டாலினின் தாய் அங்கேதான் கிடக்கிறார். 1829இல் தெஹ்ரானில் கொல்லப்பட்ட ரஷ்ய எழுத்தாளர் கிரிபோயதோவுக்கு அவர் மனைவி நினோ எழுப்பிய கல்லறையும் உண்டு. மணமானபோது அவளுக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. மறுமணம் செய்யவே இல்லை. 'என் காதல் ஏன் உன்னைக் கடந்தும் உயிரோடிருக்கிறது' என்ற பொருளில் கல்லில் பொறித்திருக்கிறாள்.

கடலோரம்:

பழைய தலைநகரான மிட்ஸ்கேத்தாவை யாரும் சொல்லவில்லையே! திதுபே நிலையத்திலிருந்து மர்ஷ்ருத்கா வேனில் அரைமணி நேரம். 11ஆம் நூற்றாண்டின் ஸ்வெத்தித்ஸ்கோவேலி பேராலயத்தின் வெளிச்சுவரில் உளி பிடித்த கை ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். கட்டிய சிற்பி ஆர்சுகிட்சேயின் கை என்று எழுத்தும் உண்டு. பொறாமையால் அந்தக் கையையே வெட்டினார்கள் என்று கதை சொல்கிறார்கள். எதிர்மலையில் ஜ்வாரி தேவாலயம். மேலே போக பஸ் கிடையாது. வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலந்துக்காரரும் தனியாள் என்பதால் டாக்சியைப் பங்கு போட்டுக்கொண்டோம். அராக்வி ஆறும் குரா ஆறும் சேரும் இடத்தில் தண்ணீரின் இரண்டு நிறம் மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

இறங்கி வந்து சாப்பிடும்போது பக்கத்து மேசையில் ஒரு குடும்ப விருந்து. தனியாகச் சாப்பிடுகிறவனைப் பார்த்தால் அவர்களுக்குப் பொறுக்காது போலும். நாற்காலியோடு இழுத்துக்கொண்டார்கள். தமதா என்ற விருந்துத் தலைவர் ஒவ்வொரு வாழ்த்தையும் நின்றுகொண்டு பேசுவார். அவர் முடிக்கும்வரை யாரும் குடிக்கக் கூடாது. சமாதானத்துக்கு, இறந்தவர்களுக்கு, பெற்றோருக்கு என்று வரிசையாகப் போனது. பெற்றோருக்கு என்றபோது என்னையும் பேசச் சொன்னார்கள். தமிழிலேயே பேசினேன், அப்பாவைப் பற்றி. தமதா நான் முடிக்கும்வரை கிண்ணத்தைத் தொடவில்லை.

தாமிரபரணி:

வெள்ளைக்கோட்டு தம்பி, அந்த லிஃப்டுக்கு எவ்வளவு காசு வைத்திருக்க வேண்டும்? பெண்கள் பகுதியிலும் பொதுக்குளியலில் தேய்த்துவிட ஆள் உண்டா, ஐயா?

நடைராசன்:

உண்டு, அங்கே தேய்ப்பவர்களும் பெண்களே. கட்டணத்தை வாசலில் கேட்டுவிட்டு இறங்குங்கள். தேய்ப்பதற்குத் தனிக் காசு. துண்டும் ரப்பர்ச் செருப்பும் கையோடு கொண்டுபோனால் வாடகை மிச்சம். வெள்ளி நகை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும். தேய்த்து முடித்தவுடன் மலை ஏறாதீர்கள். தலை சுற்றும். அரைமணி நேரம் எங்காவது உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.