காரமான தக்காளி ஜாம்: சர்க்கரையை எவ்வளவு குறைக்கலாம், எத்தனை நாள் தாங்கும்?

பழக்கூடை:

தோட்டத்தில் தக்காளி எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்துவிட்டது. மூன்று கிலோவுக்குக் குறையாது, இன்னும் இரண்டு நாள் விட்டால் அழுக ஆரம்பித்துவிடும். சாஸ் காய்ச்சிக் காய்ச்சி அலுத்துவிட்டதால் இந்த முறை ஜாம் போடலாம் என்றிருக்கிறேன், ஆனால் இனிப்பு ஜாம் வேண்டாம், காரமும் உப்பும் புளிப்பும் முன்னால் நிற்க வேண்டும், இனிப்பு பின்னால் லேசாகத் தெரிந்தால் போதும். பார்த்த குறிப்புகளில் எல்லாம் கிலோவுக்கு அரைக் கிலோ சர்க்கரை போடச் சொல்கிறார்கள். அதைக் குறைத்தால் கெட்டியாகுமா, இல்லை ஜாமை இறுக வைக்கும் பெக்டின் பொடி வாங்கிப் போட வேண்டுமா? தோலை உரித்தே ஆக வேண்டுமா? பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தால் எவ்வளவு நாள் வரும்? அப்புறம், ரொட்டியில் தடவுவதைத் தவிர இதை வைத்து என்னதான் செய்வது?

அடிகனப்பாத்திரம்:

பெக்டின் வேண்டாம். தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர்தான், அதை வற்ற வைத்தாலே கெட்டி வந்துவிடும். பழ ஜாம் இறுகுவது பெக்டினும் சர்க்கரையும் புளிப்பும் கூடி, இது இறுகுவது சதை சுண்டுவதால். அதனால் சர்க்கரையைத் தாராளமாகக் குறைக்கலாம், அடுப்படியில் நிற்கிற நேரம்தான் கூடும்.

நான் போடும் அளவு: ஒரு கிலோ தக்காளிக்கு 150 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, துருவிய இஞ்சி கொஞ்சம், வறுத்துப் பொடித்த சீரகம் அரை டீஸ்பூன், கரகரப்பாக இடித்த காய்ந்த மிளகாய் ஒரு டீஸ்பூன். பட்டையும் கிராம்பும் சிறு துணியில் முடிந்து போட்டுக் கடைசியில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வாயில் கிராம்பு மாட்டும். உப்பில் பாதியை மட்டும் முதலில் போடுங்கள், மீதியைச் சுண்டிய பிறகு ருசி பார்த்துப் போடலாம்.

மூன்று கிலோவையும் ஒரே பாத்திரத்தில் கொட்டாதீர்கள். ஆழமான பாத்திரத்தைவிட அகலமானதில்தான் ஆவி சீக்கிரம் போகும், இரண்டு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டால் நல்லது. அடிகனமான எவர்சில்வர் சரி. வெறும் அலுமினியமும் இரும்பும் வேண்டாம், புளிப்பு பட்டு உலோக வாடை ஏறிவிடும்.

முதல் அரை மணி நேரம் நல்ல தீயில் வைத்து அவ்வப்போது கிளறினால் போதும், அப்போது சிறு சிறு குமிழாகத் தண்ணீர் கொதிக்கிற மாதிரிதான் கொதிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குமிழ் பெரிதாகி, சோம்பலாக எழும்பி, பொளக் பொளக்கென்று கையில் தெறிக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து தீயைத் தணித்துவிட்டு, போன் வந்தால்கூட நகராமல் கிளறுங்கள், அடிபிடிப்பது அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, இரண்டு மூன்று நொடி கழித்து மெதுவாக மூட வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் உங்களுக்கு வேண்டிய பதத்துக்குச் சற்று முன்பே இறக்கிவிடுங்கள். ஒரு கிலோ போட்டால் 350, 400 கிராம் தேறும்.

அளவுகோல்:

மேலே சொன்ன அளவில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அலமாரிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அலமாரியில் வைக்காதீர்கள்.

இனிப்பு ஜாம் வெளியில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் 60, 65 சதவீதம் சர்க்கரை இருப்பது, கிருமி வளரத் தேவையான தண்ணீரை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. 150 கிராம் போட்டு 400 கிராமாகச் சுண்ட வைத்தால், தக்காளியின் சொந்த இனிப்பையும் சேர்த்து 45 சதவீதம்தான் வரும். இதே காரணத்தால் தெர்மாமீட்டரையும் நம்ப வேண்டாம். பழ ஜாமுக்குச் சொல்வதுபோல் 105 டிகிரி செல்சியஸ் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் ஜாம் கருகி மிட்டாயாகிவிடும்.

இன்னொன்று புளிப்பு. பாட்டிலில் காற்றுப்புகாமல் அடைக்கும் உணவுக்கு பி.எச். (புளிப்பை அளக்கும் எண், கூடக் கூடப் புளிப்பு குறைவு) 4.6 என்பது எல்லை, அதற்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் போட்டுலினம் கிருமி வளர இடமுண்டு, அது வளர்ந்ததை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. தக்காளி ரகத்தைப் பொறுத்து 4.3 முதல் 4.9 வரை இருக்கும், கனிந்துபோன பழத்தில் புளிப்பு இன்னும் குறைவு. அதனால் எலுமிச்சைச் சாற்றை ருசிக்காக என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். சிலர் வெங்காயம், பூண்டு எல்லாம் சேர்த்து அடைத்து வைக்கிறார்கள், அது புளிப்பை இன்னும் இறக்கிவிடும். மாதக்கணக்கில் வெளியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று சோதித்த குறிப்பை எடுத்து, சர்க்கரையிலும் புளிப்பிலும் கை வைக்காமல் அப்படியே செய்ய வேண்டும். உங்களுக்குத்தான் சர்க்கரை குறைவாக வேண்டுமே.

ஆகவே ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம், அதற்கு மேல் என்றால் ஃபிரீசர். மேலே துளி பூசணம் தெரிந்தாலும் அதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாதீர்கள், பாட்டிலோடு போகட்டும்.

விதையோடு:

தோலை உரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் உரிப்பதே கிடையாது, சின்னதாக நறுக்கிவிட்டால் வேகும்போது சுருண்டு ஜாமுக்கு ஒரு கடிப்பு கொடுக்கும். வழுவழுப்பாக வேண்டும் என்பவர்கள் அடியில் கீறி அரை நிமிடம் கொதிநீரில் போட்டுப் பச்சைத்தண்ணீருக்கு மாற்றினால் கையோடு கழன்று வரும். ஆனால் விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பைத் தயவுசெய்து வழித்துக் கொட்டாதீர்கள். சீக்கிரம் வற்றட்டும் என்று பலர் செய்கிறார்கள். சதையைவிட அதில்தான் ருசியைத் தூக்கிக் கொடுக்கும் குளூட்டமேட் அதிகம், காரமான ஜாமுக்கு வேண்டிய ருசியே அங்குதான் இருக்கிறது.

எதற்கெல்லாம் ஆகும் என்றால், ரொட்டியில் சீஸ் வைத்து மேலே இதைத் தடவிச் சுடுவது முதலிடம், கொழுப்பும் உப்பும் இருக்கிற எதற்கும் இது பொருந்தும். முட்டை பொரித்து ஓரத்தில் ஒரு ஸ்பூன். சுட்ட உருளைக்கிழங்குக்கு. ஒரு ஸ்பூன் ஜாமில் வினிகரும் எண்ணெயும் விட்டு அடித்தால் சாலட்டுக்கு ஊற்ற ஆயிற்று. குழம்பு, சூப் எதுவாவது சப்பென்று இருந்தால் அதிலும் கொஞ்சம் கரைக்கலாம். கோழியோ காய்கறியோ சுடும்போது மேலே பூசுவதாக இருந்தால் கடைசி ஐந்து பத்து நிமிடத்தில் பூசுங்கள், முன்பே பூசினால் உள்ளே வேகும் முன் வெளியே கருகிவிடும்.

பழக்கூடை:

அலமாரியை விட்டுவிட்டேன், ஃபிரீசர்தான். எலுமிச்சை அவ்வளவு இல்லை, வினிகர் ஊற்றலாமா? மிளகாயை எப்போது போடுவது?

அளவுகோல்:

ஊற்றலாம். 5 சதவீத வினிகராக இருந்தால் எலுமிச்சைச் சாற்றைப்போல இரண்டு மடங்கு வேண்டும், வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், கொதிக்கக் கொதிக்க அடங்கிவிடும்.

அடிகனப்பாத்திரம்:

மிளகாயைப் பாதி முதலில், பாதி இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்போது காரமும் மூன்று மடங்காகத் தெரியும், அதனால் முதலில் கையை இறுக்கிப் பிடியுங்கள். ஃபிரீசருக்குச் சின்னச் சின்ன டப்பாவாகப் பார்த்து எடுங்கள், நன்றாக ஆறிய பிறகு மேலே ஒரு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். உறைந்தால் ஜாம் விரிந்து மேலே எழும்பும்.