முதலாண்டு பைத்தான் வகுப்பு: குழுவாக உட்காரவைத்தால் ஒருவர்தான் யோசிக்கிறார்

வெள்ளைப்பலகை கேட்டது:

கல்லூரி முதலாண்டுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழி நடத்துகிறேன். பல துறைப் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பு. பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவர்களும் உண்டு, சேமித்த ஃபைல் எங்கே போனது என்று தேடுபவர்களும் உண்டு.

மாணவரை மையமாக வைத்து நடத்த வேண்டும் என்று துறையில் முடிவாகியிருக்கிறது. சரி என்று ஸ்லைடுகளைக் குறைத்துவிட்டு, நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் அமைப்பு) எப்படி ஓடுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கும்படி பயிற்சித்தாள் கொடுக்கிறேன். தெரிந்தவர் தட்டச்சு செய்கிறார், மற்ற மூவரும் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். கடைசியில் "நீங்களே நடத்திடுங்க சார், அப்பதான் புரியும்" என்கிறார்கள். பாடத்திட்டம் வேறு பின்தங்குகிறது.

கொள்கை விளக்கம் வேண்டாம். அடுத்த வகுப்பில் என்ன கொடுத்தால் எல்லாரும் யோசிப்பார்கள்?

சுண்ணாம்புத்தூள்:

லூப்பை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டாம். அதை நீங்கள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். இந்த நிரலை ஓடவிட்டால் என்ன வரும் என்று ஓடவிடும் முன்பே சொல்லவையுங்கள், அதுதான் அவர்களுக்கான வேலை.

பலகையில் நான்கு வரி எழுதுங்கள்: அ = 5, ஆ = 7, அ = ஆ, ஆ = அ. இப்போது அ, ஆ இரண்டையும் அச்சிட்டால் என்ன வரும்? மடிக்கணினியை யாரும் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தன் விடையைத் தாளில் எழுதிய பிறகுதான் பேச்சு.

சரியான விடை 7, 7. வரிகள் ஒவ்வொன்றாக ஓடும், = குறி வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயரில் வைக்கும். ஆனால் தவறான விடைகளில்தான் உங்களுக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. "7, 5" என்பவர் இரண்டு வரிகளும் ஒரே நேரத்தில் நடப்பதாகவோ, நாம் மாற்ற நினைப்பதைக் கணினி புரிந்துகொள்ளும் என்றோ எண்ணுகிறார். "5, 5" என்பவர் இடப்பக்க மதிப்பு வலப்பக்கம் போவதாகப் படிக்கிறார். "பிழை வரும், 5 எப்படி 7-க்குச் சமம்?" என்பவர் கணக்குப் பாடத்துச் சமக்குறியை இங்கே கொண்டுவருகிறார். மூன்று பேருக்கும் ஒரே விளக்கம் போதாது. லெக்சர் மட்டும் நடத்தினால் இந்த மூவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

விடையை உடனே சொல்லாதீர்கள். கைதூக்கச் சொல்லி எண்ணுங்கள். வேறு விடை எழுதிய பக்கத்து ஆளோடு இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள், மறுபடி எண்ணுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991 முதல் செய்துவந்த முறை இது. முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் வாதாடவிடலாம். அதற்குக் கீழே என்றால் நீங்களே மறுபடி விளக்குங்கள். மேலே என்றால் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததற்குப் போங்கள்.

"நீங்களே நடத்துங்க" என்ற முணுமுணுப்பு வரத்தான் செய்யும். 2019இல் வெளியான ஹார்வர்டு இயற்பியல் வகுப்பு ஆய்வு ஒன்றில், தாங்களே முயன்று படித்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான லெக்சர் கேட்டவர்களுக்கு நேர்மாறு. பருவத் தொடக்கத்திலேயே இதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம்வரிசை:

நான் மாணவி. நீங்கள் சொல்லும் "மற்ற மூவரில்" ஒருத்தியாகப் பல வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். காலித் திரையில் கர்சர் மின்னிக்கொண்டே இருக்கும், முதல் வரி என்னவென்றே தெரியாது. பக்கத்தில் ஒருவர் படபடவென்று அடிக்கும்போது கேள்வி கேட்கவும் வாய் வராது, சார்.

எனக்கு உதவியது ஒரு லேப் வகுப்பு. சரியாக ஓடும் நிரலின் வரிகளைத் தனித்தனித் தாள்துண்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்தார்கள். வரிசைப்படுத்த வேண்டும், எந்த வரி லூப்பின் உள்ளே வரும் என்று தள்ளி வைக்கவும் வேண்டும். வரி முடிவில் போட வேண்டிய கோலன் (:) விட்டுப்போகிற பிரச்சினையே இல்லை. வேண்டாத வரி ஒன்றும் அதில் கலந்திருந்தது. அதில் வகுப்பிலேயே வேகமானவரும் நின்று யோசித்தார், அப்புறம்தான் எங்களோடு பேச ஆரம்பித்தார்!

சுண்ணாம்புத்தூள்:

அதற்குப் பார்சன்ஸ் புதிர் என்று பெயர். டேல் பார்சன்ஸும் பட்ரிஷியா ஹேடனும் 2006இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. தயாரிக்கக் கத்தரிக்கோல் போதும்.

பழையவிசைப்பலகை:

எல்லாம் நல்லதுதான், ஆனால் தேர்வு எப்படி இருக்கிறது? "வேரியபிள் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்றால் என்ன, வரையறுக்க" என்று கேட்டால் பிள்ளைகள் நோட்ஸ் கேட்பதில் தப்பே இல்லை. சின்ன நிரலைக் கொடுத்து விடையைக் கணிக்கச் சொல்லும் கேள்விகள் வினாத்தாளில் பாதியாவது வரட்டும். மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கவனம் போகும்.

நால்வர் குழுவையும் கலையுங்கள். இருவர், ஒரு கணினி. விசைப்பலகை வைத்திருப்பவர் மற்றவர் சொல்வதை மட்டுமே அடிக்க வேண்டும், கால் மணிக்கொருமுறை இடம் மாற வேண்டும். நன்றாகத் தெரிந்தவரையும் முற்றிலும் புதியவரையும் ஜோடியாக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்வோம், புதியவர் வாயே திறக்க மாட்டார்.

பாடத்திட்டம் பின்தங்குவதற்கு என் வழி: கணினித் தலைமுறைகள் வரலாறு போன்றவற்றை வீட்டில் படிக்கக் கொடுத்துவிடுவேன். அதற்கு வகுப்பு நேரம் எதற்கு?

வெள்ளைப்பலகை:

வரையறைக் கேள்விகள்தான் எங்கள் வினாத்தாளில் அதிகம், அதைத் துறையில் பேசிப் பார்க்கிறேன். அடுத்த வகுப்பு ஃபங்ஷன், அதாவது பெயரிட்டு வைத்து வேண்டும்போது அழைக்கும் நிரல்துண்டு. இப்படி ஒரு கேள்வி யோசித்திருக்கிறேன்: இரட்டிப்பு என்ற ஃபங்ஷன் கொடுத்த எண்ணை இரண்டால் பெருக்கி அச்சிடுகிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. விடை = இரட்டிப்பு(4) என்று எழுதி, அடுத்த வரியில் விடையை அச்சிட்டால் திரையில் என்ன வரும்? சரியாக இருக்குமா?

சுண்ணாம்புத்தூள்:

நல்ல கேள்வி. முதலில் 8, அடுத்த வரியில் None என்று வரும், அதாவது மதிப்பு எதுவும் இல்லை. பலர் "8, 8" என்பார்கள். வாதம் முடிந்ததும் விடை + 1 என்று இன்னொரு வரி சேர்த்து ஓடவிடுங்கள். நிரல் அங்கே நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியை நீங்கள் விளக்காமல், அவர்களில் ஒருவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.