செம்பெயர்ச்சி: பிள்ளைகளுக்குச் சொல்லித்தர உதவி வேணுமுங்க

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கம் எங்க ஊர் நூலகத்துல சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பதாவது பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தர்றேன். இப்போ செம்பெயர்ச்சியில (ரெட்ஷிஃப்ட், அதாவது ஒளியலை நீண்டு சிவப்புப் பக்கம் நகர்றது) வந்து நிக்குதுங்க.

பஸ் ஹாரன் கிட்ட வரும்போது கீச்சுன்னும், தாண்டிப் போனதும் தணிஞ்சும் கேட்கறதை வச்சு ஆரம்பிச்சேன். விலகிப் போற பொருளோட ஒளியலை நீளும்ங்கறது புரிஞ்சுடுச்சு. "அது இயல்பாவே சிவப்பா இருந்தா எப்படிங்க கண்டுபிடிக்கறது?"ன்னு ஒரு புள்ள கேட்டுச்சு. அருமையான கேள்வி. ஒளியை நிறம் நிறமாப் பிரிச்சா ஹைட்ரஜனுக்குன்னு குறிப்பிட்ட இடங்கள்ல தெரியற கோடுகளைக் காட்டினேன். ஆய்வகத்துல 656.3 நானோமீட்டர்ல இருக்கிற சிவப்புக் கோடு, 3சி 273ங்கற குவாசார்ல (ரொம்பத் தூரத்துல பளிச்சுன்னு ஒளிர்ற கேலக்ஸி மையம்) 760 கிட்ட நிக்குது. மத்த கோடுகளும் அதே 15.8 சதவீதம் நகர்ந்திருக்கு. 1963ல வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் இதை அடையாளம் கண்டது நிறத்தை வச்சு இல்லைங்க, இந்தக் கோடுகளோட வரிசையை வச்சுத்தான்.

சிக்கல் அடுத்ததுல. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி செம்பெயர்ச்சி (அலைநீளம் பழைய அளவைப் போல எத்தனை மடங்கு கூடியிருக்குங்கற எண்) 14ஐத் தாண்டின கேலக்ஸியையும் பார்த்திருக்கு. "அப்போ ஒளியை விட 14 மடங்கு வேகமா ஓடுதுங்களா?"ங்கறாங்க. இல்லை, அண்டவெளியே விரிஞ்சு அலைநீளம் 15 மடங்காயிருக்குன்னா, "அப்புறம் ஹாரன் எதுக்குங்க?"ன்னு மடக்கறாங்க! கிட்ட இருக்கிற கேலக்ஸிக்கு டாப்ளர் கணக்கும் (ஹாரன் மாதிரி, வேகத்தை வச்சுப் போடறது) அண்டவெளி விரிவுக் கணக்கும் ஏன் ஏறக்குறைய ஒரே விடை தருதுன்னு, கால்குலஸ் இல்லாம எப்படி விளக்கறதுங்க?

இன்னொன்னு. ஒளியை நிறம் நிறமாப் பிரிச்சுப் பார்க்க டிவிடி துண்டு ஒட்டிச் செஞ்ச அட்டைப்பெட்டியில சிஎஃப்எல் பல்போட பச்சைக் கோடு பளிச்சுன்னு தெரியுது. பகல் வானத்தைப் பார்த்தா சூரிய ஒளியில இருக்கிற கருங்கோடுகள்தான் மங்கலா இருக்கு. கோவை, ஈரோடு, திருப்பூர்ல யார்கிட்டயாச்சும் நல்ல கிரேட்டிங் தாள் (நுண்கோடுகளால ஒளியைப் பிரிக்கற தாள்) இருந்தாச் சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.