டோக்கியோவில் மாஸ்டா ஐகானிக் எஸ்பி காரை அருகில் நின்று பார்த்த அனுபவம்

மாஸ்டா காட்சிக்கு வைத்த மாதிரிக் காரான ஆர்எக்ஸ்-விஷனை 2015இல் நேரில் பார்த்தவர்கள் எழுதியவற்றை விரும்பிப் படித்தேன். எனக்கு வாய்த்தது, அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து வந்த, ரோட்டரி இன்ஜின் கொண்ட மாதிரிக் காரான ஐகானிக் எஸ்பி. 2023 அக்டோபர் இறுதியில் டோக்கியோ பிக் சைட் வளாகத்தில் தொடங்கிய ஜப்பான் மொபிலிட்டி ஷோவில், மாஸ்டா அரங்கின் முன் நெரிசல் அதிகம். மெல்ல மெல்ல நகர்ந்து முன்வரிசைக்கு வந்த பிறகுதான் அந்தக் காரை முழுமையாகப் பார்க்க முடிந்தது.

படங்களில் பெரிதாகத் தெரியும் அந்தக் கார் நேரில் சிறியது. நீளம் 4,180 மி.மீ., உயரம் 1,150 மி.மீ. மட்டுமே என்பதால் கூரை என் மார்பளவைக்கூட எட்டவில்லை. வயோலா ரெட் எனப் பெயரிட்ட அந்தச் சிவப்பு, முன்சக்கரத்திற்கு மேலே விளக்கொளி விழும் மேட்டில் பளிச்சென்றும், கதவை நோக்கி உடல் உள்வாங்கும் இடத்தில் கருஞ்சிவப்பாகவும் தெரிந்தது.

ஆனால் என்னை அங்கேயே நிறுத்தி வைத்தது பானெட்டின் தாழ்வுதான். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண ரோட்டார் சுழல்வதாலும், வால்வுகளும் அவற்றைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் தேவைப்படாததாலும், ரோட்டரி இன்ஜின் தன் திறனுக்கு மிகக் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறது. 1967இல் வந்த மாஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் கார் முதல் ஆர்எக்ஸ்-7 வரை அந்தத் தாழ்ந்த முகப்பு இதனால்தான் அமைந்தது. ஐகானிக் எஸ்பியும் அதே வழியில் வந்தது என்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே உணரலாம்.

இதில் இரண்டு ரோட்டார் கொண்ட இன்ஜின் சக்கரங்களை நேரடியாக இயக்குவதில்லை. அது ஜெனரேட்டராக மின்சாரம் தர, மோட்டார் காரை ஓட்டுகிறது. இதை ரோட்டரிக்கு நேர்ந்த இறக்கமாகச் சிலர் கருதுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நீண்டு தட்டையான எரிப்பு அறையில் வெப்பம் வீணாவதால் எரிபொருளை அதிகம் குடிப்பதும், குறைந்த வேகத்தில் இழுவிசை போதாமையும் இந்த இன்ஜினின் பழைய குறைகள். இழுவிசையை மோட்டார் பார்த்துக்கொள்ள, தனக்கு உகந்த வேகத்தில் ஓடும் வாய்ப்பு இன்ஜினுக்குக் கிடைக்கும்போது இரண்டு குறைகளின் கடுமையும் தணிகிறது. காற்றை உள்ளிழுக்கும் பகுதியும் எரிப்பு நடக்கும் பகுதியும் தனித்தனியாக இருப்பதால் ஹைட்ரஜன் எரிபொருளுக்கும் இந்த இன்ஜின் பொருந்தும். 2006இலேயே ஹைட்ரஜனில் ஓடும் ஆர்எக்ஸ்-8 கார்களை மாஸ்டா குத்தகைக்கு விட்டிருக்கிறது.

370 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) திறன், 1,450 கிலோ எடை, முன்னும் பின்னும் 50:50 எடைப்பங்கீடு என்று அறிவித்திருக்கிறார்கள். பேட்டரியையும் மோட்டாரையும் சுமக்கும் காருக்கு இந்த எடை சாத்தியமானால் அது பெரிய சாதனை. விற்பனைக்கு வரும்போது இந்த எண்தான் முதலில் கூடும் என்று அஞ்சுகிறேன்.

வெறும் காட்சிப்பொருளாக இது நின்றுவிடாது என்ற நம்பிக்கை எனக்கு வந்தது 2024 பிப்ரவரியில். கலைக்கப்பட்டிருந்த ரோட்டரி மேம்பாட்டுக் குழுவை 36 பொறியாளர்களுடன் மாஸ்டா அப்போது மீண்டும் அமைத்தது. எனக்கு எஞ்சியிருக்கும் ஒரே கவலை ஒலியைப் பற்றியது: ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அந்த இரண்டு ரோட்டார்களின் சீற்றமும் கூடவே ஏற வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.