மெல்பர்னில் கேஷுவல் வேலை: மணிக்கு 18 டாலர் ரொக்கம் சரியா?

அல்சூர் கீதா:
தம்பி மெல்பர்ன்ல மாஸ்டர்ஸ் படிக்கிறான், ஸ்டூடண்ட் விசா. ரெஸ்டாரண்ட்ல கேஷுவல் வேலை (நிரந்தரமில்லாத, மணிக்கணக்கு வேலை). மணிக்கு 18 டாலர், ரொக்கமா. பே ஸ்லிப் கிடையாது. இப்போ ஏபிஎன் (சொந்தமா தொழில் பண்றவங்க எடுக்குற பதிவு எண்) எடுத்துட்டு வான்னு சொல்றாங்க. படிப்பு நடக்கும்போது ஸ்டூடண்ட் விசால ரெண்டு வாரத்துக்கு 48 மணிதான் வேலை செய்யலாமாம். எதிர்த்துக் கேட்டா, "48 மணி தாண்டிட்டே, விசா போயிடும்"னு மிரட்டல். பெங்களூருல இருந்து நாங்க என்ன சொல்லலாம்?

ஜெயநகர் பாலு:
ஏபிஎன் எடுக்க வேண்டாம்னு முதல்ல சொல்லுங்க. ஷிஃப்ட் அவங்க போடறாங்க, என்ன செய்யணும்னு அவங்க சொல்றாங்க, அப்போ அவன் தொழிலாளிதான், கான்ட்ராக்டர் இல்ல. 2025 ஜூலை முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி 24.95 டாலர். கேஷுவலுக்கு லீவு சம்பளம் கிடையாது, அதுக்கு ஈடா 25% சேர்த்து 31.19. மணிக்கு 13.19 டாலர் கம்மியா தர்றாங்க. வாரம் 20 மணின்னா 263.80 டாலர்! சனி, ஞாயிறுக்கு இன்னும் கூடுதலா வரணும். இது போக முதலாளி 12% சூப்பர், அதாவது ஓய்வூதியச் சேமிப்பு, கட்டணும். படிப்பு முடிஞ்சு நாட்டை விட்டு வந்த பிறகு வரி போக அதை வாங்கிக்கலாம். ரொக்கமா தர்றது குற்றமில்ல, பே ஸ்லிப் தராததுதான் குற்றம். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள்ள தரணும்.

கோரமங்களா செல்வி:
48 மணிக் கணக்குலதான் பல பசங்க தவறுறாங்க. திங்கள்ல தொடங்குற எந்த ரெண்டு வாரத்தைச் சேர்த்தாலும் 48 தாண்டக்கூடாது. முதல் வாரம் 15, அடுத்தது 30, மூணாவது 20னு வைங்க. முதல் ரெண்டும் 45, சரி. அடுத்த ரெண்டும் 50, மீறல். செமஸ்டர் விடுமுறைல வரம்பு இல்ல. மீறியிருந்தாலும் செஞ்ச வேலைக்குக் கூலி முழுசா சேரணும். விசாவை ரத்து பண்ற அதிகாரம் முதலாளிக்குக் கிடையாது. விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குறதே 2024 ஜூலையிலிருந்து அங்கே குற்றம்.

அல்சூர் கீதா:
ரொம்ப நன்றி. ஆதாரமே இல்லாம புகார் எடுபடுமா அண்ணா?

ஜெயநகர் பாலு:
எடுபடும்மா. பே ஸ்லிப்பும் நேரப் பதிவும் வைக்காத முதலாளிதான், "இவன் இத்தனை மணி வேலை செய்யல"ன்னு நிரூபிக்கணும். ஆனாலும் இன்னைக்கே ஒரு நோட்டுல தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வாங்கின காசு எல்லாம் எழுதச் சொல்லுங்க. ரோஸ்டர் (ஷிஃப்ட் அட்டவணை) வாட்ஸ்அப்ல வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். சம்பளப் புகாரைக் கேக்குற அரசு அமைப்பு ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன், எண் 13 13 94. தமிழ்ல பேசணும்னா முதல்ல அரசு மொழிபெயர்ப்புச் சேவை 131 450க்கு அடிச்சு மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம். ஆறு வருஷப் பாக்கி வரைக்கும் கோரலாம். புகார் சொன்னதுக்காக வேலையை விட்டு எடுத்தா, ஃபேர் ஒர்க் கமிஷன்ல (இது வேலைத் தகராறுகளைத் தீர்க்குற தனி அமைப்பு) 21 நாளுக்குள்ள மனு போடணும். இந்தக் கெடுவை மட்டும் தவற விட்டுடாதீங்க.