"தள்ளுபடி வருமா சார்?"

தேர்தல் அனுபவங்களை எழுதும் இந்த இடத்தில், ஓட்டுக்குப் பணம் கொடுத்த கதைகளைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தது வேறு மாதிரி. கையில் ஒரு ரூபாய்கூட வாங்காமலே, தேர்தல் ஒரு ஊரின் வரவு செலவை எப்படித் திருப்பிப் போடுகிறது என்பதைக் கடன் பேரேட்டில் பார்த்தவன் நான். காவிரி டெல்டாவில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றேன்.

எங்கள் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறியதும் சங்கத்துக் கடனைக் கட்ட ஆட்கள் வருவார்கள். அதற்கு மாசி, பங்குனி ஆகிவிடும். சட்டமன்றத் தேர்தலோ ஏப்ரல், மே. அதாவது கடன் கட்டும் பருவமும் வாக்குறுதி கொடுக்கும் பருவமும் எங்களுக்கு ஒன்றுதான். மற்ற வருடங்களில் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது என்பதால் கடைசி வாரம் கூட்டம் நெரியும். தேர்தல் வருடத்தில் அப்போதும் ஆட்கள் வருவார்கள், ஆனால் பணம் கொண்டு வரமாட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: "தள்ளுபடி வருமா சார்?"

அவர்கள் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. 1990-இல் வி.பி. சிங் அரசு 10,000 ரூபாய் வரையிலான விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2006-இல் கலைஞர் பதவியேற்ற அன்றே கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டார், ஏறத்தாழ 7,000 கோடி. 2016-இல் ஜெயலலிதாவும் முதல் நாளிலேயே சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. இவ்வளவையும் பார்த்த ஒருவர் தேர்தல் வருடத்து மாசியில் கையில் இருக்கும் பணத்தை ஏன் கொண்டுவந்து கட்ட வேண்டும்? நோட்டீஸ் கொடுக்கப் போனால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். "ரெண்டு மாசம் பொறுங்க சார், யார் வந்தாலும் செய்வாங்க" என்பார்கள். மரியாதைக்குக் குறைவே இருக்காது. நானும் நோட்டீஸில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

2016-இல் ஐந்து ஏக்கர் வரை வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் தள்ளுபடி. எங்கள் சங்கத்தில் ஒருவருக்கு ஆறு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல், அவருக்குக் கிடைக்கவில்லை. இந்த வரம்பை எதிர்த்து விவசாயிகள் சங்கம் ஒன்று உயர் நீதிமன்றம் போனதும், எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லி 2017-இல் தீர்ப்பு வந்ததும், 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஆள் கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. மகன்களுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்து, தனித்தனிச் சிட்டாவோடு (நில உரிமைச் சான்று) வந்து நின்றார். நிலம் பிரிந்ததால் போர் செட்டுத் தண்ணீருக்கு அண்ணன் தம்பிக்குள் முறை வைக்க வேண்டிவந்து, அதில் தகராறும் வந்தது. அப்புறம் 2021 தள்ளுபடியில் ஏக்கர் வரம்பே வைக்கவில்லை!

2021 தான் என்னால் மறக்க முடியாதது. பிப்ரவரி 5 அன்று சட்டமன்றத்தில் 110 விதியின்கீழ், அதாவது விவாதமில்லாமல், முதல்வரின் அறிவிப்பு வந்தது: 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி. ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடன் எல்லாம் சேர்த்தி. மூன்றே வாரத்தில் தேர்தல் தேதி அறிவிப்பு. அந்த ஜனவரியில் பருவம் தப்பிய மழையில் சம்பாக் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது, ஆகவே உதவி தேவைதான். அதை நான் எங்கேயும் மறுத்துப் பேசமாட்டேன்.

ஆனால் எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர். குறுவை நெல் விற்ற பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பொங்கல் கழிந்த வாரம் வந்து கடனைக் கட்டினார். "கடனோட வெள்ளாமை பாக்கக் கூடாது தம்பி, ஆனியில் புதுசா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தள்ளுபடிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று வந்து, மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். அவர் வயலுக்கு மேல் வயல்காரர் பெயர் இருந்தது. அவருக்கும் அதே மழைதான், அதே சேதம்தான். பெரியவர் என்னிடம், "நான் ஒரு மாசம் ஏமாத்தியிருந்தா என் பேரும் இருந்திருக்குமா தம்பி?" என்று கேட்டார். இருந்திருக்கும் என்று சொன்னேன். பொய் சொல்ல முடியாதே. அடுத்த வருடம் அவர் கெடு தாண்டித்தான் கட்டினார்.

நகைக்கடன் இன்னொரு கூத்து. ஐந்து சவரன் வரை தள்ளுபடி என்று வாக்குறுதி வந்ததும், பீரோவில் கிடந்த தோடும் மோதிரமும்கூடச் சங்கத்துக்கு வந்தன. ஆட்சி மாறி, ஆணை வந்து, ரேஷன் கார்டு, ஆதார் என்று சலித்து எடுத்தபோது 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லை என்று தள்ளப்பட்டன. 40 கிராமுக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் கிடையாது. அந்த நாட்களில் மேசைக்கு முன்னால் நின்று அழுத பெண்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நாங்கள் விழித்தோம். வாக்குறுதி கொடுத்தவர்கள் யாரும் அந்த மேசையில் உட்காரவில்லை.

தள்ளுபடியால் ஓட்டு விழுகிறதா என்றால், என் கண்ணில் பட்டவரை அப்படித் தெரியவில்லை. 12,110 கோடியைத் தள்ளுபடி செய்த அதிமுகவுக்குத் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் 12 தொகுதிகளில் கிடைத்தவை ஒரத்தநாடும் நன்னிலமும் மட்டுமே. மக்கள் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, போட வேண்டியவருக்குப் போடுகிறார்கள். ஆனாலும் எந்தக் கட்சியும் நிறுத்தாது. எதிராளி சொல்லி நாம் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்ற பயம். தவிர, அரசு அந்தத் தொகையைச் சங்கத்துக்குத் தவணை தவணையாகத்தான் கொடுக்கும். அறிவிப்பின் புகழ் இன்றைக்கு, செலவு அடுத்தடுத்த பட்ஜெட்டுகளுக்கு. நடுவில் எங்களிடம் பணம் இருக்காது. குறுவைக்குக் கடன் கேட்டு வருபவரிடம் மத்திய கூட்டுறவு வங்கியிலிருந்து இன்னும் வரவில்லை என்போம். அவர் தண்டல்காரரிடம் போவார். விதைப்பு நமக்காகக் காத்திருக்காது.

ஷான் கோல் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்திய அரசு வங்கிகளின் கணக்கை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையைப் பிற்பாடு படித்தேன். தேர்தல் ஆண்டில் விவசாயக் கடனின் வளர்ச்சி 5 முதல் 10 சதவீதப் புள்ளி வரை கூடுகிறது, போட்டி கடுமையான மாவட்டங்களில் இன்னும் அதிகம், அதனால் விளைச்சல் மட்டும் கூடவில்லை என்கிறார். எங்கள் பேரேட்டைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

இதில் யாருமே பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்கள். அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிக் கணக்கில், அவர்கள் பெயர் இருக்காது, சங்கத்தில் கடனும் கிடைக்காது. மழையில் நஷ்டப்பட்டவர் அவர், தள்ளுபடிச் சான்றிதழ் வாங்குபவர் வெளியூரில் இருந்துகொண்டு அடங்கலில் மட்டும் பெயர் உள்ளவர். இந்த அநியாயத்தை ஒவ்வொரு தள்ளுபடியிலும் பார்த்திருக்கிறேன். அப்படி உழுபவரின் மனைவி தனியார் நிதி நிறுவனத்தில் குழுக் கடன் வாங்கி வாரா வாரம் கட்டுவார். அதைத் தள்ளுபடி செய்கிறேன் என்று எங்கள் ஊர் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மகாராஷ்டிரத்தில் 2017 தள்ளுபடியின்போது ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் 25,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை வைத்தார்கள். அடுத்த வருடம் கர்நாடகத்திலும் அதே அளவுக்கு அறிவித்தார்கள். நம் ஊரில் கட்டியவருக்கு வட்டியில்லை என்பதைத் தாண்டி ஒன்றும் கிடையாது. அந்தப் பெரியவருக்கு அப்படி ஒரு தொகை வந்திருந்தால், அடுத்த கெடுவையும் அவர் தவறவிட்டிருக்கமாட்டார் என்று உறுதியாகச் சொல்வேன்.

கொங்குப் பக்கம், தென் மாவட்டங்களில் சங்கங்களில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். மஞ்சள், கரும்பு, பருத்திக்கு வாங்கிய கடன்கள் தேர்தல் வருடத்தில் உங்கள் மேசையில் எப்படித் திரும்பின?